ஊராட்சி நிதியும் கல்வராயன் மலையும்

அரசியலைப் பற்றிப் பேசுகிறவர்கள் நம் நாட்டில் மிகுதி. அரசின் கணக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. தெருவிளக்கு எரியாவிட்டால் குறை கூறுகிறோம். அவ்விளக்கின் மின்கட்டணம் எந்தக் கணக்கிலிருந்து செலுத்தப்படுகிறது என்று கேட்பதில்லை. குழாயில் தண்ணீர் வராத நாளில் ஊராட்சித் தலைவரின் வீட்டுக்குச் செல்கிறோம். அவர் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது, அதை எதற்குச் செலவிட அவருக்கு உரிமை இருக்கிறது என்பதை ஆராய்வதில்லை. ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், பேரூராட்சி, நகராட்சி ஆகிய உள்ளாட்சி அமைப்புகளின் வரவு செலவு எவ்வாறு நடைபெறுகிறது, அதைச் சீர்திருத்துவது குறித்து அரசுகளிடையே நிகழ்ந்து வரும் விவாதம் யாது என்பதையே இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பொதுவாகப் பேசினால் பொருள் விளங்காது என்பதால், கள்ளக்குறிச்சிச் சமவெளியையும் அதன் மேற்கே நிற்கும் கல்வராயன் மலையையும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

முதற்கண் இவ்வமைப்பின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். ஊராட்சி என்றதும் உத்தரமேரூர்க் கல்வெட்டைக் கூறிப் பெருமை கொள்வது நம் வழக்கம். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டில் குடவோலை முறையை மட்டும் பலரும் நினைவில் வைத்திருக்கின்றனர். அதே கல்வெட்டில் வேறொரு விதியும் உண்டு. வாரியத்தில் பணியாற்றிவிட்டுக் கணக்குக் காட்டாதவர்களும், அவர்களுடைய நெருங்கிய உறவினர்களும் மீண்டும் வாரியத்திற்குத் தகுதியற்றவர்கள் என்பது அவ்விதி. நிலமும் கல்வியும் உடைய சிலருக்கே அந்தச் சபையில் இடமிருந்தது என்பதையும் மறக்கலாகாது. எனினும் ஊர்ப் பணத்துக்குக் கணக்குக் காட்டுவது ஊராட்சியின் உயிர்நாடி என்பதை அக்காலத்தார் உணர்ந்திருந்தனர்.

நாம் இன்று காணும் உள்ளாட்சியின் வேர் ஆங்கில ஆட்சிக் காலத்தில் இருக்கிறது. 1882ஆம் ஆண்டு ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானத்தை ஒட்டி, 1884இல் சென்னை மாகாணத்தில் ஸ்தல ஸ்தாபனச் சட்டம் வந்தது. ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் என மூன்று படிகள் தோன்றின. சிற்றூர்களின் கூட்டமாகிய யூனியனுக்கு வீட்டு வரியே வருமானம். ஆகவே, இன்று நம் பெற்றோர் ஊராட்சி அலுவலகத்தில் செலுத்தும் வீட்டு வரிக்கு ஏறக்குறைய நூற்றுநாற்பது ஆண்டு வயது.

விடுதலைக்குப் பின் அரசியலமைப்பு வரையப்பட்ட காலத்தில், முதல் வரைவில் ஊராட்சியைப் பற்றிய பேச்சே இல்லை. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அதற்கான திருத்தத்தைக் கொண்டுவந்தவர் தமிழகத்தைச் சேர்ந்த கே. சந்தானம் அவர்கள். டாக்டர் அம்பேத்கர் சிற்றூர்களின் சாதிக் குறுக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தவர். ஆயினும் அத்திருத்தத்தை ஏற்றுக்கொண்டார். அதுவே 40ஆம் விதியாயிற்று. அதே சந்தானம் அவர்கள் பின்னாளில் இரண்டாவது நிதிக் குழுவுக்குத் தலைவராக இருந்தார். 1963இல் பஞ்சாயத்து ராஜ்ய நிதி பற்றி ஆராய்ந்த குழுவுக்கும் தலைமை வகித்தார். அக்குழு கூறிய கருத்துக்களுக்குப் பின்னர் வருகிறேன். இன்றைய விவாதத்தின் கரு அவற்றிலேயே அடங்கியிருக்கிறது.

1958ஆம் ஆண்டின் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டம் மாநிலமெங்கும் பஞ்சாயத்து யூனியன்களை உண்டாக்கியது. ஊராட்சி எவ்வளவு வீட்டு வரி வசூலிக்கிறதோ, அதற்கு இணையான தொகையை அரசு மானியமாகத் தரும் ஏற்பாடும் அக்காலத்தில் இருந்தது. ஊர் ஒரு ரூபாய் திரட்டினால் அரசு ஒரு ரூபாய் சேர்க்கும். தன்முயற்சியைத் தூண்டும் நல்ல ஏற்பாடு என்றே எவருக்கும் தோன்றும். ஆயின் சற்று எண்ணிப் பாருங்கள். ஓட்டு வீடுகளும் மாடி வீடுகளும் கடைகளும் நிறைந்த ஊர் ஆயிரம் ரூபாய் திரட்டினால், அரசிடமிருந்தும் ஆயிரம் பெறும். குடிசைகள் மட்டுமே உள்ள ஊர் நூறு ரூபாய் திரட்டினால் நூறே பெறும். இருவர் முயற்சியும் ஒன்றே. பெற்ற உதவி ஒன்றன்று. உள்ளவனுக்கு மேலும் கொடுப்பதில் இந்த முறை முடிந்துவிடுகிறது.

அந்நாளில் கல்வராயன் மலையின் நிலை யாது? சமவெளி ஊர்கள் வீட்டு வரியும் இணை மானியமும் பெற்று வளரத் தொடங்கிய காலத்தில், மலை ஜாகீர்தாரர்களின் ஆளுகையில் இருந்தது. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்னும் பெயர்களால் வழங்கப்பட்ட மூன்று ஜாகீர்கள் அவை. மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் அவர்களுக்கு வரியும் உழைப்பும் கொடுத்து வந்தனர். அவ்வரிக்குப் பதிலாகப் பாதை வந்ததா, பள்ளி வந்ததா என்று கேட்க ஒரு மன்றம் இல்லை. நீண்ட வழக்குகளுக்குப் பின் 1976இல்தான் மலை அரசின் நேரடி நிர்வாகத்திற்குள் வந்தது. விடுதலை பெற்று இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்! உள்ளாட்சி நிதியைக் கணக்கிடும்போது இந்தக் காலதாமதத்தையும் ஒரு கடனாகக் கருத வேண்டும் என்பது என் கருத்து.

இனி, இன்றைய அமைப்பைக் காண்போம். அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இயற்றப்பட்டது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தல் நடத்துவதும், ஐந்தாண்டுக்கு ஒரு முறை மாநில நிதி ஆணையம் அமைப்பதும் கட்டாயமாயின. முன்பு தென்னாற்காடு மாவட்டத்திலும், 1993க்குப் பின் விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்த கள்ளக்குறிச்சி, 2019 நவம்பர் 26ஆம் நாள் தனி மாவட்டமாயிற்று. அம்மாவட்டத்தில் 9 ஊராட்சி ஒன்றியங்களும் 412 கிராம ஊராட்சிகளும் உள்ளன. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன் மலை ஒன்றியத்தில் உள்ள ஊராட்சிகள் 15.

ஒரு கிராம ஊராட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? மூன்று வாய்க்கால்கள் என்று கூறலாம். முதலாவது அதன் சொந்த வருமானம்: வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை உரிமக் கட்டணம் முதலியன. வீட்டு வரியோடு நூலக வரியும் ரூபாய்க்குப் பத்துப் பைசா வீதம் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. 1948இல் இயற்றிய பொது நூலகச் சட்டத்தால் வந்த வரி அது. மாணவர்களாகிய நீங்கள் கிளை நூலகத்தில் எடுத்துப் படிக்கும் நூலுக்கு உங்கள் தெருவில் உள்ள ஒவ்வொரு வீடும் சிறிது கொடுத்திருக்கிறது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

இரண்டாவது, மாநில அரசின் பகிர்வு. மாநில அரசு தான் வசூலிக்கும் சொந்த வரி வருவாயில் ஒரு பகுதியை, மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்கு அளிக்கிறது. 1990களின் பிற்பகுதியில் நூற்றுக்கு 8 என்று தொடங்கிய இப்பங்கு பின்னர் 10 ஆக உயர்ந்தது. இதனோடு, நிலம் கைமாறும்போது பத்திரப் பதிவில் வசூலாகும் முத்திரைத் தீர்வையின் மிகுவரி போன்ற சில இனங்களும் உள்ளாட்சிக்கு ஒதுக்கப்படுகின்றன.

மூன்றாவது, மைய அரசின் நிதிக் குழு மானியம். 2015 முதல் 2020 வரையுள்ள ஐந்தாண்டுக்குப் பதினான்காவது நிதிக் குழு நாடு முழுவதிலும் உள்ள கிராம ஊராட்சிகளுக்கு 2,00,292 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. 2021 முதல் 2026 வரை பதினைந்தாவது நிதிக் குழு ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி ரூபாய் பரிந்துரைத்தது.

இப்பணம் ஊராட்சியை அடைந்ததும் எவ்வாறு செலவாகிறது? ஊராட்சி மூன்று வங்கிக் கணக்குகளை வைத்திருக்கிறது. முதல் கணக்கு பொது நிதி. இரண்டாம் கணக்கு மின்கட்டணமும் குடிநீர் வாரியத்திற்குரிய கட்டணமும் செலுத்துவதற்கு. மூன்றாம் கணக்கு திட்டப் பணிகளுக்கு. கிராமத்தில் மோட்டார் ஓடினால்தான் தண்ணீர். மின்கட்டணம் கட்டினால்தான் மோட்டார். ஆகவே இரண்டாம் கணக்குக்குரிய பணம் முதலிலேயே ஒதுங்கிவிடுகிறது. திட்டப் பணம் அந்தந்தத் திட்டத்திற்கே உரியது. எஞ்சுவது பொது நிதி ஒன்றே. ஒரு பாலம் சிதைந்தாலும், ஒரு கிணறு தூர்ந்தாலும், உடனே கை வைக்கக்கூடிய பணம் அதுதான். ஊர் மக்கள் தாங்களாக முடிவு செய்து செலவிடும் பணத்தின் அளவே அவர்களுடைய சுய ஆட்சியின் அளவு என்று நான் மாணவர்களுக்குக் கூறுவது வழக்கம்.

இப்போது சமவெளியையும் மலையையும் ஒப்பிடுவோம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் சென்று, கோமுகி அணைப் பக்கமாக வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் நான் பயணம் செய்திருக்கிறேன். கீழே கரும்பும் நெல்லும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் காணப்படும். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. கள்ளக்குறிச்சியைச் சுற்றி அரிசி ஆலைகள் பல. ஆலை இருந்தால் கட்டட வரி உண்டு. ஊழியர் இருந்தால் தொழில் வரி உண்டு. மனை விற்றால் முத்திரைத் தீர்வையின் பங்கு உண்டு. வளைவுகளில் ஏறி மேலே சென்றாலோ காட்சி மாறுகிறது. மரவள்ளியும் சாமையும் விளையும் சரிவு நிலங்கள். கடுக்காயும் தேனும் சேகரிக்கும் குடும்பங்கள். இரண்டு மூன்று மைலுக்கு ஒன்றாகச் சிதறிய சிற்றூர்கள். வீட்டு வரி விதித்தாலும் சில நூறு ரூபாய்க்கு மேல் எழும்பாத வீடுகள். நிலத்திற்குப் பட்டா இல்லாதவர் பலர். பட்டா இல்லாத நிலத்திற்குப் பத்திரப் பதிவு இல்லை. பதிவு இல்லாத இடத்தில் மிகுவரியும் இல்லை. சுற்றிலும் உள்ள காடு அரசுக்குரியது. அது ஊராட்சிக்கு வரி செலுத்துவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இது விளக்கத்திற்காக நான் அமைத்துக்கொண்ட கணக்கே அன்றி எந்த ஊரின் உண்மைக் கணக்கும் அன்று. சமவெளியில் ஓர் ஊராட்சி. மலையில் ஓர் ஊராட்சி. இரண்டிலும் மூவாயிரம் மக்கள். ஆளுக்கு நூறு ரூபாய் வீதம் மானியம் கொடுத்தால் இரண்டிற்கும் மூன்று இலட்சம் கிடைக்கும். சமவெளி ஊரில் மக்கள் மூன்று குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். மூன்று மேல்நிலைத் தொட்டிகள் போதும். தொட்டி ஒன்றுக்கு ஓர் இலட்சம் கிடைக்கிறது. மலை ஊராட்சியில் அதே மூவாயிரம் பேர் பதினைந்து சிற்றூர்களில் சிதறியிருக்கிறார்கள். பதினைந்து தொட்டி வேண்டும். பதினைந்து இடத்தில் குழாய் வேண்டும். பதினைந்து இடத்திற்கு விளக்கு வேண்டும். தொட்டி ஒன்றுக்கு இருபதினாயிரமே வருகிறது. அதன்மேல், கீழேயிருந்து சிமென்டும் மணலும் ஏற்றிச் செல்லும் லாரிக் கூலியும், லாரி போகாத இடத்திற்குத் தலைச்சுமைக் கூலியும் சேர வேண்டும். தலைக்கு ஒரே அளவு பணம் கொடுத்தோம். தலைக்கு ஒரே அளவு தண்ணீர் கொடுத்தோமா?

உள்ளாட்சி நிதிச் சீர்திருத்தத்தின் முதல் வினா இதுவே. நிதியை ஆணையங்கள் பகிரும்போது மக்கள்தொகைக்கு மிகுந்த இடமும் பரப்பளவுக்குக் குறைந்த இடமும் தருகின்றன. பதினான்காவது, பதினைந்தாவது நிதிக் குழுக்கள் மாநிலங்களிடையே உள்ளாட்சி மானியத்தைப் பங்கிட்டபோது மக்கள்தொகைக்கு நூற்றுக்கு 90, பரப்பளவுக்கு 10 என்றே எடையிட்டன. ஊராட்சி எவ்வளவு சிறியதாயினும் அதற்கு ஒரு குறைந்தபட்சத் தொகை கிடைக்க வேண்டும் என்ற விதியைத் தமிழ்நாட்டின் நிதி ஆணையங்கள் வகுத்தன. அது சிற்றூராட்சிகளுக்குப் பெருந்துணை என்பதில் ஐயமில்லை. ஆயினும் சிறிய ஊராட்சி வேறு. சிதறிய ஊராட்சி வேறு. சிதறலுக்கும் ஏற்றத்திற்கும் தூரத்திற்கும் உரிய எடையை அளவுகோலில் சேர்த்தால்தான் மலைக்கு நியாயம் கிடைக்கும்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். “வரி கொடாத ஊருக்கு எதற்கு மிகுதியான பணம்?” என்று சமவெளியார் கேட்கலாம். அவர்களுக்கு நான் கோமுகி ஆற்றைச் சுட்டிக் காட்டுவேன். அந்த ஆறும் மணிமுத்தாறும் கல்வராயன் மலையில் பெய்யும் மழையால் பிறக்கின்றன. மலையடிவாரத்து அணையில் தேங்கும் நீர் சமவெளியின் வயலுக்குப் பாய்கிறது. வயல் விளைந்து, ஆலை ஓடி, கடை பெருகி, வரி வருகிறது. அந்த வரி முழுவதும் கீழுள்ள ஊர்களின் கணக்கில் ஏறுகிறது. காட்டைக் காத்து நீரை அனுப்பிய மேலுள்ள ஊரின் கணக்கில் ஒரு காசும் ஏறுவதில்லை. ஆகவே மலைக்குத் தரும் மிகுதி மானியத்தைத் தருமம் என்று கருதுதல் பொருந்தாது. அது ஒருவகையில் பாக்கித் தொகை.

இவ்விவாதம் நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் வீட்டின் மதிப்பைக் கொண்டு விதித்த பழைய உள்ளாட்சி வரியை நீக்கிவிட்டுத் தலைக்கு இவ்வளவு என்று ஒரே வரியை அரசு புகுத்தியது. 1989இல் ஸ்காட்லாந்திலும், 1990இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அது வந்தது. உள்ளாட்சியின் செலவை ஒவ்வொருவரும் உணர்ந்து கேள்வி கேட்க வேண்டும் என்பது அரசின் வாதம். மாளிகைவாசியும் கூலித் தொழிலாளியும் ஒரே தொகை செலுத்துவது எவ்வாறு நீதி என்பது மக்களின் கேள்வி. 1990 மார்ச் 31 அன்று இலண்டனில் கலவரமே மூண்டது. அவ்வாண்டு நவம்பரில் பிரதமர் தாட்சர் பதவி விலகியதற்கு அவ்வரியும் ஒரு காரணமாயிற்று. 1993இல் அது கைவிடப்பட்டு, மீண்டும் வீட்டின் மதிப்பை ஒட்டிய வரி வந்தது. வரியிலும் சரி, மானியத்திலும் சரி, தலைக்கணக்கு ஒன்றே சமநீதி ஆகிவிடாது என்பதற்கு அவ்வரலாறு சான்று.

இரண்டாவது வினா, சொந்த வரியைப் பற்றியது. உள்ளாட்சிகள் மானியத்தையே நம்பியிருந்தால் பொறுப்புணர்ச்சி வளராது. வரி கொடுப்பவனே கணக்குக் கேட்பான் என்று கூறுவோர் உளர். இக்கூற்றில் உண்மையுண்டு. பதினைந்தாவது நிதிக் குழு, நகர உள்ளாட்சிகள் மானியம் பெற வேண்டுமானால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் வகுத்து, ஆண்டுதோறும் வசூலையும் உயர்த்த வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. அதைக் காரணங்காட்டித் தமிழ்நாடு அரசு 2022 ஏப்ரலில் நகரங்களின் சொத்து வரியை உயர்த்தியது. கள்ளக்குறிச்சி போன்ற நகராட்சிகளில் 600 சதுர அடிக்குட்பட்ட குடியிருப்புக்கு நூற்றுக்கு 25, 1,800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு நூற்றுக்கு 100 என உயர்வு அமைந்தது. விலைவாசியோடு ஒப்பிட்டால் பல ஆண்டுகளாக வரி தேங்கிக் கிடந்தது என்றது அரசு. தொற்று நோயால் நலிந்த மக்கள் மீது சுமை என்றன எதிர்க்கட்சிகள். இரண்டு வாதங்களையும் நீங்கள் நிதானமாக எடைபோட வேண்டும். வசதி உள்ள வீடு மிகுதியாகச் செலுத்துவது முறையே. ஆயினும் வரித்தளமே இல்லாத வெள்ளிமலைக்கு இந்த உபதேசம் பயன்படாது. ஊற்று இல்லாத கிணற்றை ஆழப்படுத்தினால் பாறைதான் மிஞ்சும்.

மூன்றாவது வினாவே நான் மிக முக்கியமாகக் கருதுவது: கொடுத்த பணத்தைச் செலவிடும் உரிமை யாருக்கு? இங்கேதான் 1963ஆம் ஆண்டின் சந்தானம் குழுவை நினைவுகூர வேண்டும். நிலவரியின் மீதும் வீடுகளின் மீதும் சிறப்பு வரி விதிக்க ஊராட்சிகளுக்கு அதிகாரம் வேண்டும் என்று அக்குழு கூறியது. பல துறைகள் வழியாகத் துண்டு துண்டாக வரும் மானியங்களை மாநில அளவில் ஒன்று திரட்டி, ஒரே தொகுப்பாக ஊராட்சிகளுக்கு அளிக்க வேண்டும் என்றது. உள்ளாட்சிகளுக்குக் கடனுதவி செய்யத் தனி நிதிக் கழகம் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. ஐம்பது, அறுபது ஆண்டு கடந்தும் தொகுப்பு மானியம் என்ற கருத்து முழுமையாக நிறைவேறவில்லை. பதினைந்தாவது நிதிக் குழுவின் 2021–26 மானியத்தில் நூற்றுக்கு 60 பங்கு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டப்பட்டிருந்தது. 40 பங்கே ஊரின் விருப்பத்திற்கு விடப்பட்டது.

கட்டிக் கொடுப்பவர் பக்கமும் நியாயம் உண்டு. பணத்தைக் கட்டின்றிக் கொடுத்தால் குடிநீரை விட்டு அலங்கார வளைவு கட்டிவிடுவார்கள் என்று அஞ்சுகிறார்கள். அவ்வாறு நடந்த இடங்களும் உண்டு. ஆனால் எல்லா ஊரின் முதல் தேவையும் ஒன்றாக இருக்குமா? ஊற்று நீர் வற்றாத ஒரு மலைச் சிற்றூருக்கு, நோயாளியைக் கட்டிலில் வைத்துச் சுமந்து வரும் நிலையை மாற்றும் இரண்டு பர்லாங் பாதையே முதல் தேவையாக இருக்கலாம். அந்த உண்மை அவ்வூராருக்குத் தெரியும். தலைநகரத்திலுள்ள அளவுகோலுக்குத் தெரியாது. கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்தில், மாநிலத் திட்ட ஒதுக்கீட்டில் நூற்றுக்கு 35 முதல் 40 வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கி, தேவையைக் கிராம சபையிலே முடிவு செய்யும் முறையைக் கையாண்டார்கள். குறைகள் இருந்தபோதிலும், சாதாரண மக்கள் வரவு செலவுத் திட்டத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள் என்பது அதன் பெரும் பயன்.

கல்வராயன் மலைக்கு அரசின் பணமே செல்வதில்லை என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. பழங்குடியினர் நலத்துறை, நெடுஞ்சாலைத் துறை, வனத்துறை, கல்வித் துறை எனப் பல துறைகள் அங்கே செலவிடுகின்றன. அச்செலவுகளைப் பற்றிய முடிவுகள் பெரும்பாலும் மலைக்கு வெளியே எடுக்கப்படுகின்றன என்பதே குறை. வடநாட்டுப் பழங்குடிப் பகுதிகள் பலவற்றுக்கு 1996ஆம் ஆண்டின் தனிச் சட்டம் கிராம சபைக்குச் சிறப்பு அதிகாரம் அளித்தது. அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் தமிழ்நாட்டின் மலைகள் சேர்க்கப்படாமையால் அச்சட்டம் இங்கே பொருந்துவதில்லை. எனினும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பொருந்தும். பள்ளி, சாலை, குடிநீர் போன்ற பொது வசதிக்காக ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட வனநிலத்தைக் கிராம சபையின் பரிந்துரையோடு பயன்படுத்த அது இடமளிக்கிறது. ஒரு மன்றம் கூடித் தீர்மானம் எழுதினால் பணத்தினும் பெரிய தடை சில சமயம் விலகும்.

மன்றம் என்றேன். அம்மன்றமே இல்லாமற்போனால் நிகழ்வது யாது? அதற்கும் கள்ளக்குறிச்சியே சான்று. 2016 அக்டோபரில் தமிழகத்தின் ஊராட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. நடக்க வேண்டிய தேர்தலை உயர் நீதிமன்றம், இட ஒதுக்கீட்டு அறிவிப்பில் இருந்த குறைகளுக்காக இரத்து செய்தது. வழக்கும் வார்டு வரையறையும் ஆண்டுகளை விழுங்கின. 2019 டிசம்பரில் மற்ற மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தபோதும், புதிதாகப் பிரிக்கப்பட்ட காரணத்தால் கள்ளக்குறிச்சி உள்ளிட்ட 9 மாவட்டங்கள் விடுபட்டன. அங்கே 2021 அக்டோபர் 6, 9 ஆகிய நாட்களில்தான் வாக்குப்பதிவு நடந்தது. ஆக, முழுதாக ஐந்தாண்டுகள், ஒரு மன்றத்தின் ஆயுட்காலம் முழுவதும், தனி அலுவலரின் கையில் ஊராட்சி இருந்தது. ஒரே வட்டார வளர்ச்சி அலுவலர் தம் ஒன்றியத்தின் கிராம ஊராட்சிகள் அனைத்துக்கும் தனி அலுவலர்! தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத ஊருக்கு மானியம் இல்லை என்ற விதிப்படி, மைய நிதிக் குழுவின் மானியத்தையும் மைய அரசு நிறுத்தி வைத்தது. தேர்தல் தவறியது மக்களின் குற்றம் அன்று. ஆயினும் தண்டனை அவர்களுடைய குழாய்க்கும் விளக்கிற்கும் விழுந்தது. சமவெளி ஊர் தன் வீட்டு வரியை வைத்து ஒருவாறு சமாளிக்கும். மானியத்தைத் தவிர வேறு வழியற்ற மலை ஊருக்கு அந்த ஐந்தாண்டு எத்தகையது என்பதை உங்கள் சிந்தனைக்கே விடுகிறேன்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் மாண்ட கொடுமையை நாடறியும். அதற்குப் பின், கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை, பள்ளி, மருத்துவம் ஆகிய அடிப்படை வசதிகளைப் பற்றி நீதிபதிகள் அரசிடம் வினவினர். நல்லதே. ஆனால் ஒரு மலைப் பாதைக்காக உயர் நீதிமன்றம் வாய் திறக்க வேண்டிய நிலை, அவ்வூர் மன்றத்தின் பணப்பெட்டி எவ்வளவு வெறுமையாக இருந்தது என்பதையும் காட்டுகிறது.

இதுவரை கூறியவற்றைத் தொகுத்துரைக்கிறேன். வரித்தளம் உள்ள ஊர்கள் நியாயமான வரியைத் தயங்காது விதிக்க வேண்டும். வரித்தளம் இல்லாத ஊர்களுக்குத் தலைக்கணக்கோடு தூரம், சிதறல், ஏற்றம் ஆகியவற்றையும் கருதி மானியம் அளிக்க வேண்டும். மானியத்தின் பெரும்பகுதியைக் கட்டின்றிக் கொடுத்து, கணக்கைக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். தேர்தலைக் காலம் தவறாது நடத்த வேண்டும். இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் மற்ற மூன்றும் பயனற்றுப் போகும்.

மாணவ நண்பர்களே, இவை அமைச்சர்களும் ஆணையங்களும் முடிவு செய்யும் காரியங்கள், எங்களுக்கு இதில் என்ன பங்கு என்று நீங்கள் கேட்கலாம். குடியரசு நாள், உழைப்பாளர் நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்க்கப்பட்டன. அங்கே ஊராட்சியின் வரவு செலவு படிக்கப்பட வேண்டும். பலர் கையொப்பமிட்டுவிட்டுக் கலைந்துவிடுகிறார்கள். கணிதமும் பொருளாதாரமும் கற்கும் நீங்கள் ஒரு நாழிகை அமர்ந்து அக்கணக்கைக் கேளுங்கள். வாக்குரிமை பெறும் வயது வராவிட்டாலும் கேட்பதற்குக் காது போதும். வீட்டு வரி எவ்வளவு வந்தது, மின்கட்டணத்திற்கு எவ்வளவு சென்றது, பொது நிதியில் என்ன எஞ்சியது என்ற மூன்று எண்களைக் குறித்துக்கொண்டு வந்து, அடுத்த ஊர் மாணவரின் எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கீழூரும் மேலூரும் ஏன் வேறுபடுகின்றன என்ற வினா உங்கள் உள்ளத்தில் தானே எழும். அவ்வினாவை விடாது கேட்கும் இளைஞர்கள் நூறு பேர் ஓர் ஒன்றியத்தில் இருந்தால், அடுத்து வரும் நிதி ஆணையம் எழுதும் அளவுகோலில் மலைக்கும் ஓர் இடம் கிடைக்கும்.